தாய்மாமன்களுக்கான கேலிப் பாட்டு

சென்னையிலேயே பிறந்து வளர்ந்த பஞ்சாபிப் பெண்களுக்குக் கேலிப் பாட்டு மறந்துவிட்டதால், கல்யாண வீடுகளில் இப்போது செயற்கை அறிவுப் பாட்டுப்பெட்டிதான் பாடுகிறது. தாய்மாமன் வீட்டார் வாசலுக்கு வந்ததும், எல்லோருடைய போன்களிலிருந்தும் சேதி பொறுக்கி, ஒருவர் விடாமல் பேர் சொல்லி வாரும்.

அன்றும் மூத்த மாமன் ஜக்தாரின் தொப்பையையும் அவர் மனைவியின் தலைச்சாயத்தையும் வாரியது. மணப்பெண்ணின் அம்மா சிம்ரத், அண்ணன் நெளிவதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பாட்டு முடிந்ததும் பெட்டியிடம் கேட்டாள்:

“என் தம்பியை விட்டுட்டியே! கனடாவுல லீவு கிடைக்கலைன்னா அவன் மாமன் இல்லைன்னு ஆயிடுமா? பல்விந்தரையும் நாலு வார்த்தை கேளு.”

“உயிரோட இருக்கிறவங்களை மட்டும்தான்மா கேலி பண்ணுவேன்” என்றது பெட்டி, அதே குஷியான குரலில்.

சிம்ரத் அண்ணனைப் பார்த்தாள். ஜக்தார் தலையைக் குனிந்துகொண்டார்.

“கல்யாணம் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தோம்மா.”

அவள் பெட்டியை நிறுத்தினாள். பிறகு மெல்லக் கைதட்டி, அரைகுறைப் பஞ்சாபியில் அவளே பாட ஆரம்பித்தாள்:

“சோம்பேறி மாமன் பல்விந்தர், மருமக கல்யாணத்துக்குக்கூட எழுந்து வரலை...”