இடது காலின் பிசகு

"ரொம்பச் சரியா இருக்கு. அதாம்மா பிரச்சனையே" என்றார் தையற்காரர்.

டிரம்ஸ் டீச்சருக்குத் தலை சுற்றியது. கால் பிசகவில்லையே என்று கவலைப்படுகிற மாணவரை அவள் இதுவரை பார்த்ததில்லை. அதிலும் ஐம்பதைத் தாண்டிய மனிதர். பெடலில் கால் வைத்த சில வாரங்களிலேயே இரண்டு பெடலையும் இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்து, பெரிய டிரம்மில் சீராகக் கொட்டித் தள்ளுகிறார். காலமெல்லாம் தையல் மிஷின் மிதித்த கால், சும்மாவா?

"அங்கிள், இப்படி வர்றதுக்குத்தான் அவனவன் வருஷக்கணக்கா நாயா பேயா உழைக்கிறான்."

"எனக்கு என் பையன் வாசிக்கிற மாதிரி வரணும். அவனுக்கு இடது கால் பிந்துமே, அது வரணும்."

அவள் முகம் வாடிப்போனது. அந்தப் பையனுக்கும் இந்த வீட்டின் இதே மாடியறையில், இதே டிரம்ஸில் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். "அவனே போயிட்டான். இப்ப எதுக்கு அங்கிள் அவனோட தப்பு?"

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். கார் கவிழ்ந்ததில் மகன் அந்த இடத்திலேயே உயிரை விட்டான். கூடப் போய், முதுகு முறிந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்த மனைவிக்கு அது தெரியாது. இதயம் பலவீனமாக இருக்கிறது, இப்போதைக்குச் சொன்னால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வண்டி ஓட்டியவன் மகன்தான். அதனால் அம்மா முகத்தில் விழிக்கக் கூசிக்கொண்டு மாடியிலேயே அடைந்து கிடக்கிறான் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி வைத்திருந்தார்.

"நாளைக்கு வீட்டுக்கு வர்றா. அவளால மாடி ஏற முடியாது. ஆனா காது இருக்கே! சத்தமே வரலைன்னா நம்புவாளா? கை வாசிப்பு எதுவும் வேண்டாம். பெரிய டிரம் மட்டும்தான் கீழ வரைக்கும் அதிரும். காலை மட்டும் சொல்லிக்குடும்மா."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேகம் கூடினா அவனுக்கு இடது குதிகால் தானா கீழ இறங்கிடும். அப்புறம் கணுக்கால் மடங்காது, அடி ஒரு நூல் பிந்தும். நான் திட்டாத நாளில்லை. கடைசி வாரம் பூரா அந்த ஒரு இடத்தோடதான் மல்லுக்கட்டிக்கிட்டிருந்தான்."

அன்று மாலை முழுக்க அவர் மகனின் ஷூவை மாட்டிக்கொண்டு மிதித்தார். இருட்டுகிற நேரத்தில் இடது குதிகால் சறுக்கியது. ஓட்டம் ஓட்டமாக வந்து, ஒரு அடி மட்டும் தயங்கி விழுந்தது. அதே தயக்கம். அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மிதிப்பது தன் கால்கள்தானா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு நிறுத்தவே மனசு வரவில்லை. அந்த ஒரு அடி வருகிற நேரமெல்லாம் பிள்ளை அறையில் இருந்தான்.

மறுநாள் மனைவியைக் கீழறைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அவள் கண் மாடியைவிட்டு இறங்கவே இல்லை. "சத்தத்தையே காணோமே" என்றாள்.

"பயப்படறான். நான் கடைக்குப் போயிட்டு வர்றேன், நீ கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிரு" என்று சொல்லிவிட்டு வாசல் வழியாகக் கிளம்பினார். அப்படியே வீட்டைச் சுற்றி வந்து, பின்பக்கப் படியில் பூனை மாதிரி ஏறினார். ஷூவை மாட்டினார். வாசித்தார். ஒரு இடத்தில்கூடக் கோட்டை விடவில்லை. பிந்த வேண்டிய இடத்தில் எல்லாம் இடது கால் பிந்தியது.

மூச்சு வாங்க வாசல் வழியே அவர் உள்ளே வந்தபோது, மனைவியின் இரண்டு காதோரமும் நனைந்திருந்தது. அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"கேட்டியா உன் பிள்ளை வாசிப்பை?"

"கேட்டேன். இடது கால் பிந்துச்சு."

"அவனுக்கு என்னைக்கும் அப்படித்தானே!"

அவள் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்குக் காலையிலதான் அந்தத் தப்பு சரியாச்சு. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி என்னை மாடிக்குக் கூட்டிட்டுப் போய் வாசிச்சுக் காட்டினான். ஒரு அடிகூடப் பிந்தலை. மறுபடி மறுபடி வாசிச்சான், பிந்தவே இல்லை. சாயங்காலம் வந்து அப்பாவை அசத்தறேன், அதுவரைக்கும் மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான்."

தையற்காரர் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார்.

"எப்பங்க போனான் என் பிள்ளை?"