மாமனார் பங்கு தராத ஒயின்

கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒயின் தேர்ந்தெடுப்பது லியோனிக்குப் பரீட்சை மாதிரி. மாமனார் லோத்தர் ஆஸ்திரேலியாவின் பரோசாவில் வாழ்நாளெல்லாம் ஒயின் தயாரித்தவர். போன வருடம் எல்லார் முன்னாலும், "இறாலுக்குப் போய் இதையா ஊத்துவாங்க?" என்று கேட்டுவிட்டார்.

இந்த முறை, சுட்ட பன்றித் தொடைக்கென்று தக்கை போட்ட பழைய ஷிராஸ் சிவப்பு ஒயினைத் தேடி வாங்கியிருந்தாள். காலையிலிருந்து நிலைகொள்ளவில்லை.

"இதையும் குறை சொன்னார்னா?"

"சொன்னா சொல்லட்டும், விடும்மா," என்றான் கணவன் கிளென்.

ஜெபம் முடிந்ததும் லோத்தர் தக்கையைப் பிடுங்கி, தன் கோப்பையில் ஊற்றி முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார்.

"அடடா! இதை யாருக்கும் தரமாட்டேன். நீங்க வேற ஏதாவது குடிங்க."

"பண்டிகை அதுவுமா இவ்வளவு கஞ்சத்தனமாப்பா?" என்று கிளென் கை நீட்டினான்.

"கைய எடுடா!" லோத்தர் புட்டியை மடியில் வைத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். முழுப் புட்டியையும் அவரே காலி செய்தார்.

பூரிப்போடு அவருடைய கோப்பையைக் கழுவ எடுத்துப்போன லியோனி, அடியில் மிஞ்சியிருந்ததை ஆசையாகச் சுவைத்தாள். உடனே துப்பினாள்.

தக்கை கெட்டு, ஒயின் நனைந்த அட்டைப்பெட்டி போல நாறியது.

கூடத்தில் லோத்தரின் குரல் கேட்டது: "எம் மருமக தேர்ந்தெடுத்ததுடா! சும்மாவா?"