டீச்சர் வீட்டுக் கொடி

கோர்பினியன் தன் தோட்டத்தில், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கொடியின் காயைப் பிய்த்துக் காட்டினார். உள்ளே விதை.

"பக்கத்துல எங்கேயோ ஆண்கொடி நிக்குது. அதோட மகரந்தம் பட்டுத்தான் நம்ம காய் பூரா விதை பிடிச்சிருக்கு. இதை எந்த பீர்க்காரன் வாங்குவான்?"

ஹாப்ஸ் விளையும் எங்கள் ஹாலர்டா வட்டாரத்தில் ஆண்கொடி வளர்க்கக் கூடாது. கண்டால் வேரோடு எடுத்துவிடுவோம்.

அது யார் வீட்டில் என்று யாரும் கேட்கவில்லை; எல்லோருக்கும் ஒரே சந்தேகம். மியூனிக்கிலிருந்து புதிதாகக் குடிவந்த எல்கே டீச்சர், வாசல் வளைவில் ஒரு கொடி ஏற்றியிருந்தார். அரிவாளும் மண்வெட்டியுமாக ஆறு பேர் போய் நின்றோம்.

"அடடே, அறுவடைக்கு ஒத்தாசையா? உக்காருங்க!" என்று ரொட்டியும் முள்ளங்கியும் எடுத்துவைத்தார் டீச்சர்.

கோர்பினியன் அரிவாளை ஓங்கினார். ஒரே வெட்டு. கொடி சரிந்தது. வேரையும் பெயர்த்துப் போட்டார்.

விழுந்ததைப் புரட்டிப் பார்த்தேன். நெடுகக் காய்.

"அண்ணே, ஆண்கொடி காய்க்காதே. இது பெண்கொடி."

டீச்சர் முகம் வெளுத்திருந்தது. "ஆண்கொடின்னா எப்படி இருக்கும்?"

"ஜூலையில மஞ்சளாப் பொடி கொட்டும்மா" என்றேன்.

"அதையா தேடுறீங்க? இந்தக் கோர்பினியன் வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பின்னாடி நிக்குதே! இவர் சம்சாரம் வால்புர்கா நிழலுக்குன்னு ஏத்திவிட்டது. காயப்போட்ட துணியெல்லாம் மஞ்சளாயிடுதுன்னு ஜூலை பூரா புலம்பினாளே. இவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறதே இல்லையாமே?"



அரிவாளைக் கீழே வைக்காமலே, ஐந்து பேரும் கோர்பினியன் பக்கம் திரும்பினோம்.