213-ஆம் பக்கம்

வக்கீல் ஆபீசில் பக்க எண் குத்துவது என் வேலை. ஒரு அமுக்கு அமுக்கினால் மிஷின் தானாக அடுத்த எண்ணுக்குப் போய்விடும். அந்த வழக்கில் மட்டும் 212-க்கு அடுத்து 214 குத்தியது.

"கைதவறி ரெண்டு தடவ அமுக்கியிருப்பீங்கம்மா," என்றார் வக்கீல்.

எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருஷத்தில் என் கை தவறியதில்லை. தாள் எதுவும் விடுபடவில்லை. ஆனால் மூன்று நகல்களிலும் எண் அதே இடத்தில் தாவியிருந்தது. அன்றே கடைசி நாள் என்பதால் அப்படியே தாக்கல் செய்தோம்.

பாய்லர் வெடித்து இறந்த ஒரு ஃபிட்டரின் வழக்கு அது. பாய்லர் சரியில்லை என்று அவர் முன்பே எழுதிக் கொடுத்ததாக மனைவி சொன்னாள். அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்று கம்பெனி மேனேஜர் சாதித்தார்.

பத்து நாள் கழித்து விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "213-ஆம் பக்கத்தக் காணோம் ஐயா. எதையோ மறைக்கிறாங்க."

நீதிபதி தன் நகலைப் புரட்டினார். "இதோ இருக்கே," என்று உரக்கப் படித்தார். ஃபிட்டரின் கடிதம். கீழே, பெற்றுக்கொண்டதாக மேனேஜரின் கையெழுத்து.

பின்வரிசையில் மேனேஜர் துள்ளி எழுந்தார். "அது எப்படி இருக்கும்? நான்தானே கிழிச்சுப் போட்டேன்!"

எங்கள் வக்கீல் திரும்பி எனக்கு ஒரு கும்பிடு போட்டார். "ஜெயிச்சிட்டோம்க்கா," என்று ஃபிட்டரின் மனைவி என் கையை இறுக்கினாள்.

நான் நீதிபதியைப் பார்த்தேன். கட்டைவிரலில் ஒட்டிய மையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். 213 இன்னும் காயவில்லை.