சிமென்ட் கம்பெனிக்கு ஒரு காடு

"இந்தக் காட்டை வெட்டணும்னு என்னிக்காவது நினைச்சிருக்கீங்களா, மிஷோ சார்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மார்னி இதைக் கேட்பது இரண்டாம் தடவை. கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று காலையில் வந்து நின்றவள், மேப்பிள் மரங்களையெல்லாம் நாடா வைத்து அளந்துவிட்டு, இப்போது சமையலறையில் உட்கார்ந்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

கிழவர் லூசியன் மிஷோவுக்கு அலுத்துப்போயிருந்தது. மெய்ன் மாநிலத்தின் வடக்கே காடு வைத்திருப்பவன் மர வியாபாரிகளிடமிருந்து தப்பவே முடியாது.

"யாருக்கும்மா என் காடு?"

"கடல் தாண்டி ஒரு சிமென்ட் கம்பெனி. அவங்களுக்கு இது ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

சிமென்ட்காரனுக்கு மேப்பிள் எதற்கு? கேட்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"பக்கத்துக் காட்டு ரெனோவுக்கும் நீங்கதானே பணம் குடுத்தீங்க? பாதிக் காட்டை மொட்டையடிச்ச பய."

"மிச்சத்தையும் வெட்டறேன்னு அவர் பட்டுனு சொல்லிட்டார், சார்."

"சொல்லுவான். அவனுக்கென்ன!"

காட்டில் பாதி, தங்கை ஜினெட்டுக்குச் சொந்தம். இந்தக் கோடைக்குள் அதிலிருந்து வருமானம் வராவிட்டால் மரம் அறுக்கும் மில்லுக்கு விற்றே தீருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அது தெரிந்தால் இவள் நேரே ஜினெட்டிடம் போய்விடுவாளே என்று லூசியனுக்கு உள்ளூர உதறல்.

"வீட்ல வேற யாராவது? வெட்டணும்னோ, விக்கணும்னோ?" மார்னியின் குரல் கெஞ்சாத குறைதான்.

"யாரும் இல்ல. ஏன் அதையே திருப்பித் திருப்பிக் கேக்கறே?"

"நான் கேக்கத்தான் கேக்கலாம். சொல்லிக் குடுக்கக் கூடாது."

"அப்ப எழுதிக்கோ. நான் வெட்ட மாட்டேன். எங்க வீட்ல யாரும் வெட்ட மாட்டாங்க."

எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு லூசியனுக்கு மனசு லேசானது. காட்டைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் அவளுக்கும் ஒரு காபி ஊற்றினார்.

மார்னி அதைத் தொடவில்லை. இந்த வாரம் இப்படி எத்தனை வீடோ, முகம் சோர்ந்து கிடந்தது.

"இனிமே சொல்லலாம், சார். அந்தக் கம்பெனி தான் விடற புகைக்கு ஈடா, காட்டை வெட்டாம அப்படியே வச்சிருக்கறதுக்குப் பணம் குடுக்குது."

லூசியன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப எனக்கு?"

"வெட்டப் பாக்கறவங்களுக்கு மட்டும்தான், சார்."