ஒரே படுக்கையறை

"என் ரூம் எங்க மேஸ்திரி?"

பெரியவன் போட்ட சத்தத்தில் செங்கல் வரிசை அப்படியே நின்றது. தெருவிலிருந்து வீட்டுக்குள் கைமாற்றிக் கைமாற்றிக் கல் கடத்திக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எல்லாரும் அம்மாவோடு தையல் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். லீவு நாளில் உதவிக்கு வந்தவர்கள்.

மேஸ்திரி கரண்டியைக் கலவையில் குத்தி நிறுத்தினார். "இது ஹால். அது சமையல்கட்டு. இது படுக்கையறை. அவ்வளவுதான் தம்பி."

"நடுவுல சுவர் வெச்சு ரெண்டு ரூம் ஆக்குவீங்கன்னுல்ல நெனச்சேன்! அப்ப இந்தக் கல்லெல்லாம் எதுக்கு?"

"குளியலறைச் சுவருக்கு."

"யாரைக் கேட்டு இப்படிக் கட்டுறீங்க?"

"கேட்டுத்தான் கட்டுறேன்" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி கரண்டியை எடுத்துக்கொண்டார்.

பெரியவனுக்கு ஆத்திரமாக வந்தது. மாதக்கணக்கில் ஒரு ஞாயிறு விடாமல் மண் சுமந்து முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. ஆபீஸில் பேனாவைத் தவிர வேறெதையும் தூக்காத கையில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது.

அப்பா போன பிறகு அம்மா வாடகைக்கு ஒற்றை அறை எடுத்துத் தனியாகத்தான் இருந்தாள். "தம்பி வீடுன்னா உனக்குக் காத்தோட்டமா இருக்கும்மா" என்பான் பெரியவன். "அண்ணன் வீட்டுலதான்மா பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கு" என்பான் சின்னவன். இருவரும் காட்டிய அக்கறைக்குக் குறைவே இல்லை. அந்த அக்கறையிலேயே வருடங்கள் ஓடிவிட்டன.

மழைக்காலம் முடிந்ததும் அம்மாவே பெரியவனுக்குப் போன் செய்தாள். "நாங்க வீடு கட்டுறோம்டா. ஞாயித்துக்கிழமையில தம்பியையும் கூட்டிக்கிட்டு வந்து ஒரு கை கொடுங்க."

"நாங்கன்னு ஏம்மா பிரிச்சுப் பேசுற? நாமன்னு சொல்லு" என்று பெரியவன் உருகிப்போனான்.

தகவல் தெரிந்த சின்னவன் அவனை விடவும் உருகினான். அந்த ஞாயிறு அண்ணன் வந்து சேர்வதற்குள் அவன் மண்வெட்டியும் கையுமாக நின்றான். அன்றிலிருந்து அண்ணன் ஒரு சட்டி மண் சுமந்தால் தம்பி இரண்டு சட்டி சுமப்பான். யார் அதிகம் உழைக்கிறார்கள் என்று அம்மா மனசுக்குள் குறித்துக்கொண்டிருக்கிறாள் என்பது இருவருடைய நம்பிக்கை.

இப்போது சமையல்கட்டிலிருந்து சின்னவன் கூப்பாடு போட்டான்.

"அண்ணா, இங்க வந்து பாரேன்! அடுப்பு மேடையை எவ்வளவு தாழ்வாப் போட்டு வெச்சிருக்காருன்னு! குனிஞ்சு குனிஞ்சு சமைச்சா என் பொண்டாட்டி முதுகு என்னத்துக்கு ஆகும்?"

"உன் பொண்டாட்டிக்கு இங்க என்னடா சமையல்?" என்றான் பெரியவன்.

சின்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"உங்க அம்மா உயரத்துக்கு அளந்து போட்ட மேடை அது" என்றார் மேஸ்திரி, வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதெல்லாம் இருக்கட்டும். மேடையை இடிச்சு உசத்துங்க. அப்படியே வெளிப்பக்கமா ஒரு படிக்கட்டு எடுங்க. மாடி போடணும்" என்றான் பெரியவன்.

"மாடி வேண்டாம் தம்பி. வயசான காலத்துல யாரு ஏறி இறங்குறது?"

"உங்க வயசைப் பத்தி இங்க யாரு கேட்டா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கம்பெனியில் பொத்தான் தைத்துத் தைத்துப் 'பட்டன் அக்கா' என்றே பெயராகிவிட்ட பெண், கையிலிருந்த கல்லை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு வந்தாள். "தம்பி, மேஸ்திரிகிட்ட கொஞ்சம் பாத்துப் பேசுங்கப்பா. அப்புறம் உங்களுக்குத்தான் சங்கடம்."

"இவங்க வேற" என்று முனகினான் சின்னவன்.

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை மாதத்தில் முதல்முறையாக இருவருக்கும் ஒரே யோசனை தோன்றியது. விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போனார்கள்.

அம்மா குழாயைப் பிடித்துச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த ஆளு சரிப்பட மாட்டாரு" என்று தொடங்கினான் பெரியவன். "ஒரு பேச்சு கேக்குறதில்ல. என்னமோ சொந்த வீடு கட்டுற மாதிரி இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டிருக்காரு."

"இன்னிக்கே அனுப்பிடும்மா" என்றான் சின்னவன். "வேற நல்ல மேஸ்திரியா நாங்க பாக்குறோம்."

அம்மா குழாயை மூடினாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளின் கொப்புளம் வெடித்த கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்க ஓடி ஓடி உழைக்கிறதப் பாத்து, இத்தனை நாளா எனக்குச் சொல்ல வாய் வரலடா."

"என்ன சொல்ல?"

"அவரை எங்க அனுப்புறது? இது அவரோட மனை. அவரு வீடு."

பெரியவன் பிடித்துக்கொள்ளச் சுவரைத் தேடினான். ஈரச் சுவர்தான் கிடைத்தது. சின்னவன் மணல் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. செங்கல் வரிசை கொல்லை வாசலில் வந்து எட்டிப் பார்த்தது.

"அப்ப..." பெரியவன் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினான். "அப்ப நீ யாரும்மா இங்க?"

அம்மா காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

"அவரைக் கட்டிக்கிட்டவ."