சமையலறைக் கதவோர மேஜை

“மாசா மாசம் அந்த ஓட்டல்ல சாப்பிட்டே ஆகணுமா? விலையை மறுபடி ஏத்திட்டாங்க. நீ வறுக்கிற மீனுக்கு அது கால்தூசு பெறாது,” என்றார் கணவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

“இருக்கட்டுமே. ஆசையா இருக்கு.”

“உனக்கு நாக்கு நீளம்,” என்று தலையில் அடித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

மதியம் அவள் போயே விட்டாள். சமையலறைக் கதவோர மேஜையில், வழக்கமான வறுத்த மீன். இந்த விலைக்கு வீட்டில் நாலு பேர் சாப்பிடலாம் என்று அவளுக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனாலும் ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கவில்லை.

இன்று முதல்முறையாக, “சமைச்சவரைக் கொஞ்சம் கூப்பிடுங்க,” என்றாள் பரிமாறியவரிடம்.

கையைத் துடைத்தபடி வெளியே வந்த சமையல்காரர், அவளைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்தார். “காலையில அவ்வளவு சொல்லியும் வந்துட்டியா?”

“என்ன பண்றது? கல்யாணமாகி இருபது வருஷமாச்சு. வீட்ல நீங்க கரண்டியைத் தொட்டதே இல்ல. உங்க கையால சாப்பிட எனக்கு வேற வழி?”

அவர் காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் குளித்துவிட்டு வந்தபோது, வீட்டுச் சமையலறையில் மீன் பொரியும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கப் போனவளை உள்ளிருந்து வந்த குரல் தடுத்தது.

“போய் உக்காரு. இன்னைக்கு பில் கிடையாது.”